புளி தேய்த்த துப்பாக்கி

தம்பிக்கு,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தைத் தொடங்கப் போவதில்லை. நலமாக இருக்கிற பிள்ளை அப்பாவுக்கு மூன்று பக்கம் எழுத மாட்டான். நேற்றுக் காலை கடை திறக்கும்போதே பண்டாரவளை வண்டி வந்துவிட்டது. வைக்கோல் அடைத்து, சாக்கில் சுற்றி நீ அனுப்பிய துப்பாக்கி மழையில் நனையாமல் வந்து சேர்ந்தது. கூடவே உன் கடிதமும் வந்தது. உன் அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டே, "என்னவாம் பிள்ளைக்கு? சத்தமா வாசிங்க" என்று எதிரே வந்து உட்கார்ந்தாள். வாசித்தேன். கொஸ்லந்தைத் தோட்டத்துத் துரை சீமைக்குப் போகிறார் என்று பங்களாவில் ஏலம் போட்டது, கல்யாணத்துக்கு வந்த பணம் முழுவதையும் போட்டு அந்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கியை நீ எடுத்தது, பழைய துப்பாக்கிகளைத் தேடித் தேடிச் சேர்க்கிற ஹப்புத்தளைத் துரைக்குச் சொல்லி அனுப்பியது, அவர் வருவதற்குள் ஆயுத பூசை வந்தது, மீனாட்சி அதைப் புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்துப் பூசையில் வைத்தது, துரை வந்து பார்த்துவிட்டுச் சாயம் போனது வேண்டாம் என்று குதிரை ஏறியது. எல்லாம் எழுதியிருந்தாய். போன சாயத்தைத் திரும்பக் கொண்டுவர வழி உண்டா, இப்போது அது என்ன விலை பெறும், புதிதாகப் பூசக் கொழும்புக்கு அனுப்பலாமா என்றெல்லாம் கேட்டிருந்தாய். கையெழுத்துக்குக் கீழே, "மீனாட்சி ஹாலிஎலையில் அவள் அப்பா வீட்டில் இருக்கிறாள்" என்று ஒரு வரி. உன் அம்மா கேட்டுவிட்டு, "துப்பாக்கிக்கு மூணு பக்கம், பொண்டாட்டிக்கு ஒரு வரியா? நல்லாருக்குடா ராசா!" என்று எழுந்து போனாள். மத்தியானம் வரைக்கும் என்னோடும் பேசவில்லை. நீ செய்ததற்கு என்னைப் பட்டினி போடாமல் விட்டாளே, அதுவே பெரிது.

சரி, முதலில் துப்பாக்கியையே பேசுவோம். கேட்டதற்குப் பதில் சொல்லாமல் வேறு கதை பேசினால் உனக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். நான் இந்த வியாபாரத்துக்கு வந்தது காப்பி செத்த காலத்தில். இலையெல்லாம் மஞ்சள் பொடி பூத்து ஊவா முழுக்கக் காப்பித் தோட்டங்கள் காய்ந்துபோக, துரைமார் ஒவ்வொருவராகக் கப்பல் ஏறினார்கள். பங்களாவுக்குப் பங்களா ஏலம். நானும் பக்கத்துக் கடைக் காசிம் நானாவும் விடியலில் பதுளையை விட்டு நடந்தால், வெயில் ஏறும்போது ஏதாவது ஒரு பங்களா வாசலில் நிற்போம். வழி நெடுகச் சண்டைதான். அவருக்குப் பீங்கானும் கடிகாரமும் வேண்டும், எனக்குத் துப்பாக்கி. நான் முதன்முதலில் எடுத்த துப்பாக்கி என்ன தெரியுமா? பெருவிரல் நுழைகிற குழல். தூக்கினால் தோள் இறங்கிவிடும். "இந்த மலையிலேயே இது ஒண்ணுதான் இருக்கு" என்று ஏலக்காரன் கூவினான். ஒன்றுதான் இருந்தது, அது மெய். அதற்குரிய தோட்டா கப்பலில் வருவது நின்றுபோய்ப் பல காலம் என்பதை மட்டும் அவன் கூவவில்லை. காசிம் நானா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஒண்ணுதான் இரிக்கி, சரி. அத ஒருத்தனாச்சும் கேக்கிறானா தம்பி?" அந்தத் துப்பாக்கியைத்தான் நீ சின்னப்பிள்ளையாக இருந்தபோது கால் போட்டுக் குதிரை ஓட்டினாய். அதிலிருந்து விழுந்துதான் உன் முன்பல் உடைந்தது.

அரிதாக இருப்பது வேறு, தேடப்படுவது வேறு என்று அன்றைக்குப் புரிந்தது. இரண்டும் ஒரு பொருளில் கூடினால்தான் அதற்கு விலை. யானை வேட்டைக்காரர்கள் எல்லாரும் இரட்டைக் குழல்தான் வாங்கினார்கள், ஒன்று தப்பினால் இன்னொன்று காப்பாற்றும் என்று. ஒரே குண்டை நம்பிக் காட்டுக்குள் போகிறவர்கள் கொஞ்சம் பேர். அவர்களுக்காக நல்ல கம்மியர்கள் செய்துகொடுத்த ஒற்றைத் தோட்டாத் துப்பாக்கிகளும் கொஞ்சம்தான். அதிலும் இந்த மலை மழையில் துருப்பிடித்துப் போனவை பாதி. மிஞ்சியவற்றை இப்போது துரைமார் ஆசையாகத் தேடுகிறார்கள். ஆகவே நீ ஏலத்தில் கை தூக்கியது தப்பில்லை. துணிக்கடை நடத்துகிறவனுக்கு என்னடா துப்பாக்கி என்று நான் உன்னைக் கேட்கப் போவதுமில்லை. உன் கண் என் கண்தான்.

ஆனால் எதைப் பார்த்து வாங்கினாய்? ஏலத்தில் சொன்ன கதையைக் கேட்டு என்றால் உன் காதைத் திருகுவேன். ஹல்துமுல்லைக் காட்டில் ஆட்களை மிதித்த ஒற்றை யானை ஒன்று இருந்ததாம். நான் இதுவரை வாங்கிய துப்பாக்கிகள் அத்தனையும் அந்த யானையைச் சுட்டவைதான்! பாவம் அந்த யானை, எத்தனை தரம்தான் சாகும். கதையை விட்டுவிட்டு இரும்பைப் பார்க்க வேண்டும். குழலில் இருக்கிற இலக்கமும், நடுவில் தோட்டா போடுகிற இரும்புப் பெட்டியில் இருக்கிற இலக்கமும், முன்கட்டையைக் கழற்றினால் அதன் உள்ளே இருக்கிற இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். திருகாணித் தலைகள் நைந்திருந்தால், தெரியாத கை உள்ளே போயிருக்கிறது என்று அர்த்தம். கீழ்ப்பிடியைத் தள்ளி குழலின் பின்வாயை அடைக்கிற கட்டையை இறக்கி, அந்த வாயில் ஒரு வெள்ளைக் காகிதத் துண்டை வைத்து, முன்னாலிருந்து குழலுக்குள் பார்த்தால் உள்வரிகள் சுற்றிச் சுற்றிப் பளிச்சென்று தெரிய வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலே அந்த நிறம். நடு இரும்பை எலும்புக்கரியில் வைத்துச் சுட்டுத் தண்ணீரில் அமிழ்த்தி எடுப்பார்கள். மயில்கழுத்து நீலமும் தவிட்டு நிறமும் திட்டுத்திட்டாகக் கலந்து வரும். பார்க்கிறவனுக்கு அது அழுக்கு மாதிரிதான் இருக்கும். அந்த அழுக்குக்குத்தான் துரைமார் அள்ளிக் கொடுக்கிறார்கள். தேய்ந்த நிறத்தைப் புதிதாகப் பூசி ஏமாற்றுகிறவர்களும் உண்டு. பூசிய துப்பாக்கியைத் தெரிந்தவன் கையால்கூடத் தொட மாட்டான். கொழும்புக்கு அனுப்பலாமா என்று கேட்டாயே, அதற்குப் பதில் இதுதான். வேண்டாம்.

நேற்று மத்தியானம் வெயில் கொஞ்சம் எட்டிப் பார்த்தபோது உன் துப்பாக்கியை வாசல் மேசையில் கிடத்தி, நான் மேலே சொன்ன எல்லாவற்றையும் பார்த்தேன். பார்த்துவிட்டுப் பேனாவை எடுத்தேன். உன் அம்மா வந்து பேனாவைப் பிடுங்கினாள். "என்ன எழுதப் போறீங்க? அந்தப் புள்ள அங்க என்ன நெனச்சுக்கிட்டு இருக்கோ. மொதல்ல போய் அவளப் பாத்துட்டு வாங்க. அப்புறமா எழுதலாம்" என்றாள். அவள் சொன்னதுதான் சரி. இன்று காலை ஹாலிஎலைக்குப் போய்விட்டு வந்து, ஈரச் சட்டையைக்கூட மாற்றாமல் இதை எழுதுகிறேன்.

சம்பந்தி என்னை "வாங்க, உக்காருங்க" என்று முறையாகத்தான் வரவேற்றார். ஆனால் முகத்தைப் பார்க்கவில்லை. வாசலில் வண்டிகள் அவிழ்த்துக் கிடந்தன. எத்தனை தோட்டத்துத் தேயிலைப் பெட்டிகள் அவர் வண்டியில் ஏறுகின்றன, எத்தனை பேருக்கு அதட்டிக் கட்டளை போடுகிற மனிதர்! என் முன்னால் துண்டை மடித்து மடித்துப் பிரித்துக்கொண்டிருந்தார். தலை தீபாவளிக்கு மாப்பிள்ளையோடு வந்து இறங்க வேண்டிய பெண் தீபாவளிக்கு முன்னாலேயே தனியாக வந்து நிற்கிறாள். அக்கம்பக்கத்தில் கேட்கிறவர்களுக்கு அந்த மனிதர் என்ன பதில் சொல்லுவார்? மீனாட்சி காப்பி கொண்டுவந்தாள். தம்ளரைப் பிடித்த விரல்களில் துணி சுற்றியிருந்தது. "என்னம்மா கையில?" என்றேன். "ஒண்ணுமில்ல மாமா, சாம்பல் அறுத்துருச்சு" என்றாள். பூசை முடிந்து இத்தனை நாளாகியும் ஆறவில்லை.

நான் கேட்காமலே சொன்னாள். "எங்க வீட்டுல பூசைக்கு மொத நாளு அச்சாணியில இருந்து அருவா வரைக்கும் மூஞ்சி பாக்குற மாதிரி தேச்சு வச்சிருவோம் மாமா. கறுப்பா ஒரு இரும்பக்கூட சாமி முன்னாடி வைக்க மாட்டோம். அங்க உங்க மகன் கத்தரிக்கோலப் பாக்குறதில்ல, முழக்கோலப் பாக்குறதில்ல, காலையில எந்திரிச்சா அந்தத் துப்பாக்கியத்தான் எடுத்து எடுத்துப் பாக்குறாரு. அது ஒரே கறையாக் கெடந்துச்சு. மத்ததெல்லாம் சும்மா தேச்சேன். அத மட்டும் பொழுது சாயிற வரைக்கும் தேச்சேன். லேசுல போகல மாமா அந்தக் கறை." சொல்லும்போது அவள் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது, பிறகு நடந்தது நினைவுக்கு வந்து தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி, நம் வீட்டில் ஆயுத பூசைக்குத் துப்பாக்கியை வெளியே எடுப்பதில்லை. பெட்டியை மூடியபடி வைத்து, மூடிமேல் சந்தனம் தொட்டு வைப்போம். இரும்பில் விரல்கூடப் படாது. நீ பிறந்ததிலிருந்து அதைத்தான் பார்த்தாய், உலகம் முழுக்க அப்படித்தான் என்று நினைத்துவிட்டாய். அவள் பிறந்ததிலிருந்து பார்த்தது வேறு. உங்களில் யாராவது ஒருவர் மற்றவரிடம் வாய் திறந்து சொன்னீர்களா? நீ எதை உயிராக மதித்தாயோ, அதற்குத்தான் அந்தப் பெண் தன் விரலைக் கொடுத்தாள்.

இதுவரைக்கும்கூட நான் உன்மேல் கோபப்படவில்லை. போட்ட பணம் போனால் எவனுக்கும் வயிறு எரியும், நாலு வார்த்தை சத்தம் வரும், அது மனித சுபாவம். மீனாட்சி உள்ளே போன பிறகு சம்பந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "கை நீட்டலைங்க, அதுவரைக்கும் சந்தோசம். ஆனா கடையில நாலு பேர் முன்னாடி, 'நீ காலடி வச்ச நேரம், என் பொழப்பே போச்சு'ன்னு சொன்னாராம். அவ சொல்லலை. என் வண்டிக்காரன் அங்க மூட்டை எறக்கிக்கிட்டு நின்னிருக்கான், அவன் வந்து சொன்னான்." அடப்பாவி! மூன்று பக்கம் எழுதினாயே, இதை எங்கே எழுதினாய்? ஏலத்தைப் பற்றியும் சாயத்தைப் பற்றியும் அவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவனுக்கு இந்த ஒரு வாக்கியம் மறந்துபோய்விட்டதா? வெட்கத்தில் தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அது என்ன சொல் என்று உனக்குத் தெரியுமா? திட்டு என்றால் மறுநாள் மறந்துபோகும். முட்டாள் என்றிருந்தால், அவளும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பாள், முடிந்திருக்கும். காலடி வச்ச நேரம் என்பது ஒரு பெண்மேல் ஒட்டிக்கொண்டால் கழுவினாலும் போகாது. நாளைக்கு உனக்குக் காய்ச்சல் வந்தாலும், கடைக்குள் மழைத்தண்ணீர் புகுந்தாலும், கேட்டிருந்தவர்கள் அவளைத்தான் பார்ப்பார்கள். அதைவிட மோசம், அவளே தன்னைப் பார்த்துக்கொள்வாள். ஒவ்வொரு முறையும் வாசல் தாண்டும்போது, இந்தக் காலால் இன்னும் என்ன ஆகுமோ என்று பயப்படுவாள். நெல்லைக் கொட்டினால் அள்ளலாம், சொல்லைக் கொட்டினால் அள்ள முடியாது என்று உன் அம்மா ஆயிரம் தரம் சொல்லியிருக்கிறாள். நீ காதில் வாங்கினால்தானே.

நான் கிளம்பும்போது மீனாட்சி வாசல் வரை வந்தாள். சம்பந்தி மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போயிருந்தார். அவள் சுற்றிப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள். "மாமா, ஒண்ணு கேப்பேன், மறைக்காமச் சொல்லுங்க. அந்தத் துவக்கு நெசமாவே பெரிய சாமானா? இல்ல, அவரு ஏமாந்து வாங்கினதா?" அவள் எதைக் கேட்க ஆசைப்பட்டாள் என்று எனக்குத் தெரிந்தது. ஏமாந்து வாங்கினது என்று நான் சொன்னால் அவள் இன்றிரவு நிம்மதியாகத் தூங்குவாள். ஆனால் மறைக்காமல் சொல்லச் சொன்னாளே. "அசல்தாம்மா" என்றேன். "இலக்கமெல்லாம் சரியா இருக்கு. குழலுக்குள்ள ஒரு துருப்பொட்டு இல்ல. நான் இந்த மலையில இத்தனை வருசத்துல கண்ட நல்ல துப்பாக்கியில அதுவும் ஒண்ணு. நிறம் இருந்திருந்தா துரை கேள்வி கேக்காம எடுத்திருப்பாரு. இனிமே அது மான் சுடத்தான் ஆகும், சேக்குறவங்க எடுக்க மாட்டாங்க." அவள் கண் நிறைந்துவிட்டது. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "அப்ப அவரு கோவப்பட்டது நியாயம்தான் மாமா" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா அந்தப் பேச்சு நியாயமில்ல" என்றாள். அவ்வளவுதான். கூடுதலாக ஒரு சொல் இல்லை, குறைவாகவும் இல்லை. தம்பி, தராசு பிடிக்கிற எங்களுக்குக்கூட அப்படி நிறுக்க வராது.

"என்னோட வண்டியில வாம்மா, பதுளைக்குப் போவோம், அவன வரச் சொல்லி நான் நாலு வாங்கு வாங்குறேன்" என்று கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றாள். "கோவிச்சுக்காதீங்க மாமா. நீங்க கூப்பிட்டு நான் வந்தா, அது உங்களுக்காக வந்ததா ஆயிரும். அவரு வந்து கூப்பிட்டா வருவேன்." உண்மையைச் சொன்னால், மறுத்துவிட்டாளே என்று எனக்குச் சந்தோசமாகத்தான் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "துப்பாக்கி போலின்னு எழுதிருங்களேன். கொஸ்லந்தையிலேயே ஏமாந்துட்டே, அவ தேய்ச்சதால ஒண்ணும் கெடலைன்னு எழுதினா, இப்பவே ஓடிப்போய்க் கூட்டியாருவான். என்ன கெட்டுப்போச்சு?" எனக்கும் ஒரு பொழுது சபலம்தான். அப்படி எழுதினால் நீ ஓடுவாய், அது நிச்சயம். ஆனால் பொருளில் பெறுமதி இல்லை என்பதால் அவளை மன்னித்ததாக ஆகிவிடும். நாளைக்கு அந்த வீட்டில் பெறுமதியான பொருள் ஒன்று அவள் கையிலிருந்து விழாதா? உன் கையிலிருந்துதான் விழாதா? குடும்பம் என்றால் அசலானவையும் உடையும். அதனால் உள்ளதை உள்ளபடி எழுதுகிறேன். நீ நல்ல பொருளை, சரியான கண்ணோடு பார்த்து வாங்கினாய். அது போய்விட்டது, திரும்பி வராது. எனக்கும் அது வருத்தம்தான். இந்த வருத்தத்தையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டுதான் நீ ஹாலிஎலைக்குப் போக வேண்டும்.

தீபாவளி வரட்டும் என்று மட்டும் காத்திருக்காதே. அன்றைக்குப் போனால் நீ தலை தீபாவளி மாப்பிள்ளை. மனையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்து, வேட்டி கொடுத்து, உனக்கு மரியாதை செய்தே ஆக வேண்டும். அந்த மரியாதைக்குப் பின்னால் நீ ஒளிந்துகொள்வாய், பேச வேண்டியதைப் பேசாமல் பலகாரம் தின்றுவிட்டு வருவாய். அதற்கு முன்னாலேயே போ, யாரும் உன்னை எதிர்பார்க்காத ஒரு நாளில் போ. சேலை, வளையல் என்று ஒன்றும் வாங்கிக்கொண்டு போகாதே. அம்மாவையும் என்னையும் துணைக்குக் கூப்பிடாதே. அவள் அப்பா உட்காரச் சொல்லும் வரை நில். அவர் சொல்லாவிட்டாலும் நில், கால் வலித்தால் வலிக்கட்டும். அவளிடம் என்ன பேசுவது என்று நான் எழுதித் தரமாட்டேன், அது உன் பாடு. ஆனால் கடையில் வைத்துச் சொன்னதைக் கடையில் வைத்தே எடுக்க வேண்டும். அவளைக் கூட்டிக்கொண்டு பண்டாரவளைக்குப் போனதும், அன்றைக்கு நின்றவர்கள் இருக்கும்போது, அந்த மூட்டை இறக்கிய வண்டிக்காரனையும் கூப்பிட்டு வைத்துக்கொண்டு, நான் சொன்னது பொய், தப்பு என்று உன் வாயால் சொல். சொல்ல நாக்குக் கூசும். அவளுக்குக் கேட்கக் கூசியதை நினைத்துக்கொள்.

உன்னை அதட்டிவிட்டு எனக்கே மனசு தாங்கவில்லை. நீ கெட்டவன் இல்லை. எனக்குத் தெரியாதா உன்னை? கடைக்கு வருகிற தோட்டத்துப் பெண்கள் சீட்டித் துணியைப் பத்துத் தரம் பிரித்துப் பார்த்துவிட்டு வாங்காமல் போனாலும் முகம் சுளிக்காமல் மடித்து வைக்கிறவன் நீ. அந்தப் பொறுமையில் கொஞ்சம் வீட்டுக்குள்ளும் இருந்திருக்கலாம் என்றுதான் சொல்கிறேன். ராசா, நீ தனியாக அந்தக் கடையில் விளக்கை ஏற்றி, தனியாகச் சோறு பொங்கித் தின்றுகொண்டிருப்பாய் என்று நினைத்தால் உன் அம்மாவுக்கும் எனக்கும் இங்கே சோறு இறங்கவில்லை. கோபமெல்லாம் அதற்கு அப்புறம்தான்.

இந்தக் கடிதத்துக்கு நீ பதில் எழுத வேண்டாம். "சரி அப்பா, செய்கிறேன்" என்று நீ எழுதினால் அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? மீனாட்சி மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தவள், எழுத்து உன்னுடையதைவிட நன்றாக இருக்கும். நீங்கள் இருவரும் பண்டாரவளை போய்ச் சேர்ந்ததை அவள் எழுதட்டும். அவள் கையெழுத்தைப் பார்த்தால்தான் உன் அம்மா நம்புவாள். நானும் அப்படித்தான்.

உன் அப்பா